பச்சை, மஞ்சள், சிவப்பு: காரைக்குடியில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘சான்ஸ் ரிப்போர்ட்’

நான்கு பக்கம். ஸ்பைரல் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் அட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், கட்-ஆஃப், சமூகப் பிரிவு. இரண்டாம் பக்கத்தில் இருபது பொறியியல் கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 92, 85, 70, 40 என்று ஒரு சதவீதம், அதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம். மூன்றாம் பக்கத்தில், அரசு நடத்தும் பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங்கில் போட வேண்டிய சாய்ஸ் வரிசை, அதாவது கல்லூரிகளை எந்த வரிசையில் கேட்பது என்ற பட்டியல். கடைசிப் பக்கத்தில் சான்றிதழ் பட்டியல். காரைக்குடியில் உள்ள ஒரு சேர்க்கை ஆலோசனை மையம் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு தரும் அறிக்கை இது. மையத்தின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். அறிக்கையில் உள்ள பிழைகள் இந்த வேலையைச் செய்கிற யாருக்கும் வரக்கூடியவை. பெயரைக் காட்டிலும் பிழையைத் தெரிந்துகொள்வதுதான் பெற்றோருக்கு உதவும்.

இந்த அறிக்கையைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். பக்கங்களில் உருப்படியானது நான்காவதுதான்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்ற வழக்கமான பட்டியலோடு நிற்காமல், எதற்கு எத்தனை நாள் முன்னதாக இ-சேவையில் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழை ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வைக்கச் சொல்வது மிகச் சரி. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் என்று படியேறி வரும் சான்றிதழ் அது. ஜூன் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் வரிசை நீளும். ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டார்கள்: முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் சேருபவருக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு, பிறகு இந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டிப் பயனில்லை. வீட்டில் மூத்த பிள்ளை ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் இளையவருக்குக் கிடைக்காது என்பதையும் எழுதியிருக்கலாம்.

செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு முக்கியமான இன்னொன்று இருப்பிடச் சான்று. வீடு கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கும், பிள்ளை பெங்களூருவிலோ மலேசியாவிலோ படித்திருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு இருப்பிடச் சான்று கேட்பதில்லை. இடையில் ஓர் ஆண்டு வெளியே படித்திருந்தாலும் கேட்பார்கள். இதை அறிக்கை தெளிவாகச் சொல்கிறது, பாராட்ட வேண்டும். சாதிச் சான்றிதழைப் பற்றிய குறிப்பும் நன்று. சில சமூகங்கள் சிவகங்கை உள்ளிட்ட சில மாவட்டங்களில் சீர்மரபினர் பட்டியலிலும் வேறு மாவட்டங்களில் பி.சி. பட்டியலிலும் வருகின்றன, சான்றிதழில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் விண்ணப்பத்தில் போட வேண்டும். வாய்ச்சொல்லாக “நாங்க எம்.பி.சி.” என்று சொல்லிப் பதிவு செய்துவிட்டு, சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வது ஆண்டுதோறும் நடப்பதுதான்.

இனி முதல் பக்கம். கட்-ஆஃப் கணக்கில் பிழை இல்லை. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக, மொத்தம் 200. கணிதம் 91, இயற்பியல் 86, வேதியியல் 93 என்றால் 91 + 43 + 46.5 = 180.5. இதைக் கையால் எழுதிக் காட்டி, பெற்றோருக்குப் புரியும்வரை விளக்குகிறார்கள், பொறுமையான ஆட்கள். 2006-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு மாநிலத்தில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, +2 மதிப்பெண்தான் எல்லாம் என்பதால் இந்த எண்ணின் எடை அதிகம். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் ஒன்று கூடும். இயற்பியலில் ஒன்று கூடினால் அரைதான். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இது. அதுவும் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்த பிறகுதான் மறுமதிப்பீடு கேட்க முடியும்.

ரிசல்ட் வருவதற்கு முன்பே இந்த அறிக்கையை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மையம் செய்வது சரியில்லை. அரையாண்டு மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக் கட்-ஆஃப் போட்டுவிடுகிறது. அரையாண்டில் செய்முறை மதிப்பெண்ணை எப்படிச் சேர்த்தார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பொதுத்தேர்வில் இயற்பியலும் வேதியியலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணிதம் 90-ம் அகமதிப்பீடு 10-ம். செய்முறையும் அகமதிப்பீடும் பெரும்பாலானவர்களுக்கு முழுதாகவோ முழுமைக்கு அருகிலோ வந்துவிடும். ஆகவே ஏற்ற இறக்கம் முழுவதும் அந்த 70-லும் 90-லும்தான். கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. ஒரு மதிப்பெண் வினாக்களில் நான்கைத் தவறவிடும் பிள்ளைக்குக் கட்-ஆஃபில் நான்கு போகிறது. ஐந்து மதிப்பெண் வினா ஒன்றை முழுதாக விட்டால் போவது ஏறத்தாழ அதே அளவு. நல்ல மதிப்பீடு என்றால் பிள்ளையின் கடைசி மூன்று திருப்புதல் தேர்வுத் தாள்களை மேசையில் விரித்து, எந்தப் பகுதியில் எவ்வளவு போகிறது என்று பார்த்து, குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கட்-ஆஃப் தர வேண்டும். இவர்கள் ஒன்றே ஒன்று தருகிறார்கள், அதுவும் தசமப் புள்ளியோடு.

முதல் பக்கத்தில் இன்னொரு பிழை இருக்கிறது. நாங்கள் பார்த்த அறிக்கைகளில் கவலை தருவது இதுதான்: அரசு உதவி பெறும் பள்ளி மாணவிக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். செட்டிநாட்டில் நகரத்தார் அறக்கட்டளைகள் தொடங்கி நடத்தும் பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் பல அரசு உதவி பெறுபவை. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, ஆகவே மக்கள் வாயில் அது ‘கவர்மென்ட் ஸ்கூல்’. 7.5 சதவீதச் சட்டத்தின் கண்ணில் அது அரசுப் பள்ளி ஆகாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் உண்டு. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவருக்கும் கிடைக்கிறது. அது கிடைப்பதால் இதுவும் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். 7.5-இல் சேர்ந்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. அதை நம்பி வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு, சரிபார்ப்பு நாளில் அந்தக் கட்டம் அடிபடுவது சாதாரண ஏமாற்றம் அல்ல. 1,500 ரூபாய் வாங்குகிறவர் பள்ளியின் வகையை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் பக்கத்து நிறங்களுக்கு வருவோம். 92 சதவீதம் என்று அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்தால் யாருக்கும் நெஞ்சு நிறையும். அந்த 92 எப்படி வந்தது என்று கேட்டால், “போன வருஷக் கட்-ஆஃபை வச்சு சாஃப்ட்வேர் போடுது ஆச்சி” என்பதுதான் பதில். அதாவது, சென்ற ஆண்டு அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் கட்-ஆஃபைவிட இந்தப் பிள்ளையின் கட்-ஆஃப் எவ்வளவு கூடுதல் என்று பார்த்து, அதைச் சதவீதமாக்கிவிடுகிறது. இதில் இரண்டு ஓட்டை.

முதலாவது, மதிப்பெண்ணைப் பார்த்து யாருக்கும் சீட் தருவதில்லை, ரேங்கைப் பார்த்துத்தான் தருகிறார்கள். ஓர் ஆண்டு கணித வினாத்தாள் எளிதாக இருந்தால் 180-க்கு மேல் எடுப்பவர் கூட்டம் பெருகும், அதே 180.5 பல ஆயிரம் இடம் பின்னால் தள்ளப்படும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சென்ற ஆண்டு 180.5-க்கு ரேங்க் 21,000. இந்த ஆண்டு அதே மதிப்பெண்ணுக்கு 26,000. சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவு 180-இல் 22,000-ஆவது ரேங்கோடு மூடியது, அதாவது கடைசி இடம் நிரம்பியது என்றால், மதிப்பெண்ணைப் பார்ப்பவர் “கிடைக்கும்” என்பார், ரேங்கைப் பார்ப்பவர் “கஷ்டம்” என்பார். சரியாகச் சொல்பவர் இரண்டாமவர். ஆகவே ரேங்க் பட்டியல் வெளியாவதற்கு முன் யார் எந்தச் சதவீதம் சொன்னாலும் அது குத்துமதிப்புதான். வெளியான பிறகு, ஒட்டுமொத்த ரேங்க், சமூக ரேங்க் இரண்டையும் வைத்துச் சென்ற ஆண்டின் மூடிய ரேங்கோடு ஒப்பிட்டால் உண்மைக்குப் பக்கத்தில் போகலாம். இந்த அறிக்கையில் ரேங்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இரண்டாவது ஓட்டை அரை மதிப்பெண்ணில் இருக்கிறது. மூன்று பாட மதிப்பெண்ணும் முழு எண் என்பதால் கட்-ஆஃப் அரை அரையாகத்தான் ஏறும்: 180, 180.5, 181. ஒவ்வொரு படியிலும் பெருங்கூட்டம் நிற்கும். சமமாக இருப்பவர்களில் முதலில் கணிதத்தில் கூடுதல் எடுத்தவரைப் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல், அதற்கும் கீழே வேறு சில அளவுகோல், பிறந்த தேதி, எல்லாம் சமம் என்றால் ரேண்டம் எண். கணிதத்தில் 95 எடுத்து 180.5 வந்தவரும், 88 எடுத்து 180.5 வந்தவரும் ஒரே படியில் நின்றாலும் வரிசையில் வெகுதூரம் தள்ளி நிற்பார்கள். மையத்தின் சாஃப்ட்வேர் இருவருக்கும் ஒரே 85 போடுகிறது.

சமூக ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை அறிக்கை பொறுப்பாக நடந்துகொண்டிருக்கிறது. ஓ.சி. 31, பி.சி. 26.5, பி.சி.எம். (முஸ்லிம்) 3.5, எம்.பி.சி.-சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, எஸ்.சி.ஏ. (அருந்ததியர்) 3, எஸ்.டி. 1 என்று சதவீதத்தைச் சரியாகக் கொடுத்து, 31 சதவீதப் பொதுப் பிரிவு எல்லாச் சமூகத்துக்கும் திறந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவ்வளவும் தனியார் கல்லூரியின் மொத்த இடங்களுக்குப் பொருந்தும் என்பது போன்ற தோற்றம் வருகிறது. சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடத்தையும்தான் கவுன்சலிங்குக்குத் தருகின்றன. கல்லூரி முகப்பில் எழுதியிருக்கும் 120 இடத்தை வைத்து வாய்ப்பைக் கணக்கிட்டால் தப்பாகும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் எஸ்.எஸ். என்று அடைப்புக்குறியில் வரும் சுயநிதிப் பாடங்களை, உதவி பெறும் பாடங்களோடு ஒரே வரியில் கலந்து வைத்திருப்பதும் பிழை. பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கட்டணமும் மூடும் ரேங்கும் வேறு வேறு.

இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் பக்கத்தைப் பொறுக்க முடியாது. சாய்ஸ் வரிசையை ‘வாய்ப்பு அதிகம்’ உள்ளதிலிருந்து ‘வாய்ப்பு குறைவு’ உள்ளதுக்கு இறங்கு வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். பச்சை மேலே, சிவப்பு கீழே. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. இதை அப்படியே பதிவு செய்தால் பிள்ளைக்கு எட்டக்கூடிய நல்ல கல்லூரியை நம் கையாலேயே தட்டிவிடுகிறோம்.

ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும். ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழே படித்து, காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த மாணவருக்குப் போகும். முதல் சாய்ஸிலேயே எளிதில் கிடைக்கும் கல்லூரி இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கீழே இருக்கும் மேலான கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் பார்க்காது. கிடைக்காத கல்லூரியை மேலே வைப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. அதைத் தாண்டி அடுத்ததைப் படிக்கும், அவ்வளவுதான். ஆகவே வரிசை என்பது முழுக்க முழுக்க விருப்ப வரிசையாக இருக்க வேண்டும். எட்டாத உயரத்தில் நான்கைந்து, அதற்குக் கீழே ரேங்கை ஒட்டியவை, அதற்குக் கீழே உறுதியாகக் கிடைப்பவை. சாய்ஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. அறிக்கையில் இருபதோடு நிறுத்தியதற்குத் தாளின் நீளத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. 60, 80 சாய்ஸ் போடுவது வீண் வேலை கிடையாது.

இந்த ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு வரிசை எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். மேலே அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள். அடுத்து மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி, கவுன்சலிங் குறியீடு 5008. அதன்பின் காரைக்குடியிலேயே 1952-இல் தொடங்கிய அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, குறியீடு 5901. வீட்டிலிருந்து போய்வரலாம், அரசுக் கட்டணம், தன்னாட்சிக் கல்லூரி. சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உள்ள வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலையும் வேதியியலில் ஆர்வம் உள்ளவர் விட்டுவிடக் கூடாது. உள்ளூரிலேயே இருந்தும் பலர் நினைத்துப் பார்க்காத பாடம் அது. அதற்குப் பிறகுதான் மற்ற தனியார் கல்லூரிகள். நாம் பார்த்த அறிக்கையில் 5901 பதினாலாவது இடத்தில் இருந்தது. அதற்கு மேலே இருந்த பதின்மூன்றும் பச்சை நிறத் தனியார் கல்லூரிகள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் அறிக்கையில் ஒரே ஒரு வரி: “அக்செப்ட் கொடுக்கவும்”. அக்செப்டில் இரண்டு உண்டு. ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ என்றால் இதுவே போதும் என்று முடித்துக்கொள்வது. ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ என்றால் கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பவற்றில் இடம் காலியானால் அங்கே நகர்வது. மேலே என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் அப்வர்டுக்குப் பொருளே வருகிறது. பச்சையை மேலே அடுக்கியவருக்கு அப்வர்டு கொடுத்தும் பயன் இல்லை. ‘டிக்லைன் அண்ட் அப்வர்ட்’ என்பதைத் தெரியாமல் அழுத்தினால் கையில் இருந்ததும் போகும். இந்த முடிவுக்கு இரண்டு நாள் அளவில்தான் அவகாசம் தருகிறார்கள். அந்த இரண்டு நாளில் மையத்தில் கூட்டம் நெரியும், போன் எடுக்கமாட்டார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு, வீட்டிலேயே ஒருவர் இந்த விதிகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நீட், ஜே.இ.இ. பகுதி அறிக்கையில் ஒப்புக்குத்தான் இருக்கிறது. என்.ஐ.டி. வாய்ப்பை +2 கட்-ஆஃபை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அது செல்லாது. அங்கே ஜே.இ.இ. மெயின் ரேங்க்தான் பேசும், +2-வில் 75 சதவீதம் அல்லது அந்த வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைல் என்பது தகுதி மட்டுமே. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டு மாணவருக்கு என்பதையாவது சொல்லியிருக்கலாம். கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்-ஆஃப் 120 உள்ள பிள்ளைக்குத் தொலைதூரத் தனியார் பொறியியல் கல்லூரி பச்சையில் வருகிறது. உள்ளூரில் அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ கிடைக்கக்கூடும் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடம், 400 மதிப்பெண்தான் கணக்கு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்.

ஏன் தனியார் பொறியியல் கல்லூரிகளாகவே பச்சையில் நிற்கின்றன என்று கேட்பது பெற்றோரின் உரிமை. மையம் எந்தக் கல்லூரியிலிருந்தாவது ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று வாங்குகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கவுன்சலிங் தொடங்கும் முன்பே “சீட் பிளாக் பண்ணிடலாம், அட்வான்ஸ் கட்டுங்க” என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவரக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி.

இன்னொரு சிறிய விஷயம், ஆனால் இதில் மாட்டியவர்கள் பலர். விண்ணப்பத்தை மையத்திலேயே பதிவு செய்தால் அவர்களுடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டுவிடுகிறார்கள். ஓ.டி.பி. அவர்களுக்குப் போகும், பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்கும். சாய்ஸ் பூட்டும் நாளில் பிள்ளை அவர்கள் கடையைத் தேடி ஓட வேண்டும். வீட்டில் எப்போதும் கையில் இருக்கும் ஒரு எண்ணைக் கொடுங்கள், ரீசார்ஜ் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால்: சான்றிதழ் வழிகாட்டலுக்கு ஐந்துக்கு நாலு, கட்-ஆஃப் விளக்கத்துக்கு மூன்று, சதவீதப் பக்கத்துக்கு ஒன்று. சாய்ஸ் வரிசைக்கு எதுவும் தர முடியாது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் நான்காம் பக்கத்தைப் பயன்படுத்துங்கள், மூன்றாம் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி, விருப்பத்தின்படி மீண்டும் அடுக்குங்கள். இன்னும் கட்டாதவர்கள், சென்ற ஆண்டுகளின் கட்-ஆஃபையும் ரேங்கையும் கல்லூரி வாரியாக, சமூகம் வாரியாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே கவுன்சலிங் தளத்தில் இலவசமாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் செயல்படும் டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) உதவி மையத்தில் விண்ணப்பிக்கவும் சந்தேகம் கேட்கவும் முடியும். பதிவுக் கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை. போகும்போது மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், ஓ.டி.பி. வரும் கைபேசி, கூடவே ஒரு நோட்டில் விருப்ப வரிசைப்படி எழுதிய கல்லூரிக் குறியீடுகள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் வரிசை வாசல்வரை வந்துவிடும்.